பதினொரு பேர் வந்த கச்சேரி

ஜூலை 12, சனிக்கிழமை. பகல் ஒன்று பத்து. ரங்கூனில் காலையிலிருந்து விடாத மழை.

ஊரின் க்யிம்யிண்டைங் பகுதியில் என் நண்பன் நடராஜன் படுத்த படுக்கையாகக் கிடந்தான். ஒரு வாரம் தாங்கினால் அதிகம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவன் கேட்டது ஒன்றே ஒன்று... 'அந்த செக் நாட்டுக்காரரை ஒரு தடவை முழுசா கேட்கணும்.'

யார் அவர்? பேஸ் கிளாரினெட் வாசித்தவர். இடுப்புக்கு மேல் நிற்கும், அடித்தொண்டையில் பேசும் வாத்தியம். ஆர்க்கெஸ்ட்ராவில் அதற்குப் பின்வரிசைதான். உடம்பு முடியாத ஒருவருக்குப் பதிலாக அதை வாசிக்கப் போனவர், அதன்மேல் பைத்தியமாகிவிட்டார். அந்த வாத்தியத்தோடு தனியாக மேடையேறி முழுக் கச்சேரி செய்த முதல் மனிதர் அவர்தான். அவருக்கென்றே நூற்றுக்கணக்கில் இசை எழுதினார்கள்.

நடராஜனும் அதே வாத்தியம்தான். கல்யாண பேண்டில் முப்பத்திரண்டு வருஷம், பின்வரிசை. தனிக் கச்சேரி? 'அடுத்த வருஷம்டா...' என்பான். போன மாதம் ஆஸ்பத்திரிச் செலவுக்கு வாத்தியமும் போய்விட்டது.

ஸ்பீக்கரை வாடகைக்கு எடுத்துப் போனேன். நல்லவேளை, கரண்ட் இருந்தது. அவருடைய நாற்பத்தொரு நிமிடப் பதிவு. புழுக்கம் தாளாமல் ஜன்னலைத் திறந்தேன் — அதுதான் தப்பு. எங்கள் தெருக்களில் பட்டப்பகலில் ஸ்பீக்கரில் சோகமாக ஊதினால் ஒரே அர்த்தம்தான்.

எதிர்வீட்டு மா சாந்தி மாலையோடு ஓடி வந்தாள்.

'அய்யோ மாமா... எப்போ போனாரு?'

படுக்கையிலிருந்து நடராஜன் சொன்னான்: 'இன்னும் கிளம்பல தாயி. உட்காரு, கச்சேரி நடக்குது.'

அடுத்தடுத்து வந்தவர்களும் திரும்பிப் போகக் கூச்சப்பட்டு உட்கார்ந்தார்கள். எண்ணினேன். பதினொரு பேர்.

'ஹவுஸ்ஃபுல்லுடா!' என்றான் நடராஜன். அவனுக்காக ஒரு கூட்டம் கூடி நான் பார்த்தது அன்றுதான். அதுவும் துக்கத்துக்கு வந்த கூட்டம்.

இருபத்தேழாவது நிமிடம் கரண்ட் போனது.

'முடிஞ்சுதா?' என்றான் நடராஜன்.

'முடிஞ்சுது' என்றேன். வேறு என்ன சொல்ல? பதினொரு பேரும் கை தட்டினார்கள்.

செவ்வாய்க்கிழமை போய்ச் சேர்ந்தான். 'அண்ணே, அதையே போடுங்க' என்றாள் அவன் மனைவி. அதே ஸ்பீக்கர், அதே ஜன்னல். பாழாய்ப்போன கரண்ட் அன்றைக்குப் போகவே இல்லை. நாற்பத்தொரு நிமிடமும் ஓடியது. ஒருவரும் வரவில்லை.

நானே போய் மா சாந்தியின் கதவைத் தட்டினேன். விஷயத்தைச் சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

'மாமா கச்சேரி கேக்குறாருன்னுல்ல நினைச்சோம்!'

டாக்ஸி, ஸ்பீக்கர் வாடகை, இரண்டு தடவைக்கும் சேர்த்து: தொண்ணூற்றாறாயிரம் கியாட்.