டக்ளஸ் சார் வாசித்துக் காட்டுகிறார்

"இது கோவமா இருக்குதுங்களா, அம்மிணி?" என்று கேட்டுவிட்டு, டக்ளஸ் சார் கையிலுள்ள துண்டுக் காகிதத்தை இன்னொரு தடவை வாசிக்கிறார். முதல் தடவையைவிட மெதுவாக, ஒவ்வொரு சொல்லுக்கும் தலையை அசைத்து வாசிக்கிறார். நான் இல்லை என்று தலையாட்டிய பிறகுதான் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஒற்றை விரலால் அதைப் போனில் அடிக்கத் தொடங்குவார். ஒரு பதிலை அடித்து முடிப்பதற்குள் டீ ஆறி ஆடை கட்டிவிடும். அந்த ஆடையை வர்க்கியால் வழித்துத் தின்றுவிட்டு, மிச்சத்தை ஒரே மடக்கில் குடிப்பார்.

குன்னூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய பேக்கரியில் வர்க்கி நிறுத்துக் கொடுப்பது என் வேலை. டக்ளஸ் சார் கோத்தகிரி ரோட்டிலுள்ள ஒரு தேயிலை ஃபேக்டரியில் டீ மேக்கர்; இலை தூளாகும்வரை பக்குவம் பார்ப்பவர். மத்தியானம் இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்தால் இரண்டரைக்கு எங்கள் பெஞ்சில் இருப்பார். சாம்பல் நிற ஸ்வெட்டர், காதை மூடிய மஃப்ளர். ஸ்வெட்டர் பையில் ஃபேக்டரியில் கழித்துப்போட்ட சீட்டுகள். அவற்றின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி, என்னிடம் வாசித்துக் காட்டி, அதன் பிறகுதான் எந்தப் பதிலையும் ஃபேஸ்புக்கில் போடுவார்.

என்னிடம் ஏன் என்று ஒரு நாள் கடை முதலாளி வேலாமணி அண்ணன் கேட்டார். "அவங்க பேசமாட்டாங்க. மூஞ்சியப் பாத்தா தெரிஞ்சுரும்" என்றார் டக்ளஸ் சார்.

"ஏனுங்க சார், இன்னிக்குக் கடவுள் இருக்காருங்களா?" என்று அண்ணன் தினமும் வம்புக்கு இழுப்பார்.

"தெரியலைங்க."

"ரெண்டே முக்கால் பஸ்ஸு?"

"அதுவும் தெரியலைங்க."

அவர் வேலையும் அப்படிப்பட்டதுதான். பறித்து வந்த இலை வாடிவிட்டதா என்று பார்க்க ஒரு பிடி அள்ளி உருட்டி, விரல்களைத் திறப்பார். உருண்டை மெல்லப் பிரிந்தால் வாடியிருக்கிறது என்று அர்த்தம். மூடுபனி இறங்கிய நாளில் அது எத்தனை மணிக்கு ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. மேனேஜர் நேரம் கேட்டால், "தெரியாதுங்க சார், இலைகிட்டத்தான் கேக்கோணும்" என்பார். முப்பது வருஷம் இந்தப் பதிலைச் சொல்லித்தான் சம்பளம் வாங்கியிருக்கிறார்.

ஃபேஸ்புக்கில் அந்தப் பதில் செல்லுபடியாகவில்லை. அவர் இரண்டு குழுக்களில் இருந்தார். ஒன்று அவருடைய சபையாரின் குழு. மற்றொன்று நாத்திகர்களின் குழு. அதை நடத்துபவர் கோயம்புத்தூரில் ஏதோ ஆபீசில் கிளார்க்காக இருக்கும் கீர்த்திவாசன். நேரில் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. டக்ளஸ் சார் சபைப் பழக்கத்தில் எல்லாரையும் "சகோதரரே" என்று விளித்துத்தான் எழுதுவார். நாத்திகர்கள் அவருக்கு "ஃபாதர்" என்று பேர் வைத்தார்கள். சபையார் குழுவில் ஒருவர் "சாத்தானின் மைக்செட்" என்று எழுதினார். அதைக்கூட எனக்கு வாசித்துக் காட்டி, "இது கொஞ்சம் கோவம்தானுங்க" என்றார்.

அவர் மனைவி லோயிஸ் இறந்து மூன்று வருஷம் ஆகிறது. சிறுநீரகம் பழுதாகி ஆம்புலன்ஸில் மலையிறக்கிக் கொண்டுபோனார்கள். சபை முழுக்க அன்று ஜெபம் செய்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் இவரும் முழங்கால் போட்டாராம். விடியும் முன் எல்லாம் முடிந்துவிட்டது.

"கேக்கறதுக்கு அங்க ஆளே இல்லீங்கறாரு கீர்த்திவாசன் தம்பி. சபையில, கர்த்தர் கேட்டாரு, ஆனா அவரு சித்தம் வேறன்னு சொல்றாங்க. ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்குது. நான் முழங்கால் போட்டப்ப யாராச்சும் கேட்டுட்டு இருந்தாங்களா இல்லையான்னு எனக்குத்தான் தெரியல. இல்லைன்னு சொல்றது வேற, தெரியலைன்னு சொல்றது வேறங்க. அதுக்குத் தமிழ்ல அறியொணாவாதின்னு பேராம்" என்று ஒரு நாள் என்னிடம் சொன்னார்.

அந்தச் சொல்லைக் கீர்த்திவாசனிடமும் எழுதிப் பார்த்தார். "பயந்தாங்கொள்ளிக்கு இவ்வளவு நீளமான பேரா ஃபாதர்?" என்று பதில் வந்தது. நூறு பேர் சிரித்திருந்தார்கள். இவர் "நன்றி சகோதரரே" என்று போட்டார். அதற்கும் சிரித்தார்கள். அந்த நன்றியை அவர் வாசித்ததை நான் கேட்டேன். அதில் கிண்டல் கொஞ்சமும் இல்லை.

ஒரே மகள் கெஸியா, கட்டிக்கொடுத்து பெங்களூரில் இருக்கிறாள். இந்தக் கார்த்திகையில் அவளுக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் பார்க்க வேண்டும், அம்மா இல்லாவிட்டாலும் வருகிறேன் என்று சொல்லியிருந்தாள். டக்ளஸ் சார் ரூம் ஹீட்டர் வாங்கினார். வடக்குச் சுவரில் ஓதம் ஏறுவதால் கட்டிலை நடு அறைக்குத் தள்ளிப் போட்டார். லோயிஸின் தையல் மெஷினைத் தனியாகவே ஹாலுக்கு நகர்த்தி, இடுப்புப் பிடித்துக்கொண்டு நாலு நாள் வளைந்து நடந்தார். பிரசவமான பெண்ணுக்கு என்னென்ன கொடுக்க வேண்டும் என்று என்னிடம் கேட்டு, அதையும் சீட்டின் பின்னால் எழுதிக்கொண்டார். பூண்டு என்பதை மட்டும் இரண்டு தடவை எழுதியிருந்தார்.

லோயிஸின் மூன்றாம் நினைவு நாளன்று கெஸியா ஃபேஸ்புக்கில் எல்லாரும் பார்க்கும்படி அம்மாவின் படத்தைப் போட்டு, "அம்மா பரலோகத்தில் சந்தோஷமாக இருக்கிறார், எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்" என்று எழுதியிருந்தாள். டக்ளஸ் சார் பெஞ்சில் உட்கார்ந்து அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு சீட்டை எடுத்து எழுதி, எனக்கு வாசித்துக் காட்டினார்.

"உனக்கு எப்படித் தெரியும்? தெரிந்தால் எனக்கும் சொல்."

அவர் குரல் பாதியில் உடைந்தது. ஆஸ்பத்திரி ஜன்னலில் நின்று, உள்ளே என்ன ஆயிற்று என்று ஒருவர் கேட்பதுபோல இருந்தது. நான் முகத்தைத் திருப்பி, நிறுத்த வர்க்கியையே மறுபடி நிறுத்தேன்.

"கோவமா இருக்குதுங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன். மகள் போட்ட படத்துக்குக் கீழேயே அதை அடித்துப் போட்டார்.

அவர் பஸ் ஏறி வீடு போய்ச் சேர்வதற்குள் கீர்த்திவாசன் அதன் கீழே "ஃபாதர் கடைசியில் நம்ம பக்கம் வந்துட்டார், சரியான அடி" என்று எழுதிவிட்டார். வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். சபையாரும் வந்தார்கள். செத்தவளையும் விட்டுவைக்காத புருஷன் என்றார்கள். கெஸியா ஒரே வரி எழுதினாள்: "அம்மா செத்த நாள்லகூட உங்களுக்கு வாதத்துல ஜெயிக்கணுமாப்பா?" அதன் பிறகு அப்பாவை எல்லாவற்றிலும் பிளாக் செய்துவிட்டாள். போனும் போகவில்லை. பிரசவம் பெங்களூரிலேயே, மாமியார் பார்த்துக்கொள்வார் என்று மருமகனிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது.

பத்து நாளாக டக்ளஸ் சார் பெஞ்சில் எழுதுகிறார், கிழிக்கிறார். மருமகனுக்கு அனுப்ப ஒன்று, நேரே கடிதமாகப் போட ஒன்று. எதையும் வாசித்துக் காட்டவில்லை. நேற்று ஒரு பழைய சீட்டை என் முன்னால் நீட்டினார். நினைவு நாளன்று எழுதிய அதே சீட்டு.

"இத நீங்க படிங்க அம்மிணி. என்ற குரல்ல வேண்டாம்."

நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் வாசித்துப் பழக்கமில்லை. கூச்சத்தில், எழுத்து எழுத்தாகக் கூட்டி, ஏற்ற இறக்கமில்லாமல் வாசித்தேன்.

"உனக்கு எப்படித் தெரியும். தெரிந்தால் எனக்கும் சொல்."

வாயை விட்டு வெளியே வந்த பிறகுதான் எனக்கே அது கேட்டது. வகுப்பில் பதில் தெரியாத பிள்ளையை எழுப்பி நிற்கவைத்து டீச்சர் கேட்பதுபோல இருந்தது. கல்லாவிலிருந்து அண்ணன் திரும்பிப் பார்த்தார். டக்ளஸ் சார் மஃப்ளரைக் காதிலிருந்து இறக்கினார்.

"இப்படித்தான் புள்ளைக்குக் கேட்டிருக்குது" என்றார்.

"அன்னிக்கு நாந்தானுங்க சார் இல்லைன்னு சொன்னேன்."

"நீங்க என்ற குரலைக் கேட்டீங்க. அவ எங்க கேட்டா?"

அண்ணன் இன்னொரு டீ போட்டுவந்து வைத்தார். நான் என் போனை எடுத்து, கெஸியாவின் நம்பரை அவரிடம் கேட்டுப் பதிந்து, வாட்ஸ்அப்பைத் திறந்தேன். இதில் எழுதத் தேவையில்லை, இந்தப் பொத்தானை அழுத்திக்கொண்டே பேசி விரலை எடுத்தால் உங்கள் குரலே போகும், வேண்டாமென்றால் இடது பக்கம் இழுத்தால் அழிந்துவிடும் என்றேன். நான் அவரிடம் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

அவர் போனை இரண்டு கையாலும் வாங்கி, வாய்க்கு அருகில் கொண்டுபோய், கட்டை விரலால் அழுத்திப் பிடித்தார். வினாடிகள் ஓடின. மேட்டுப்பாளையம் பஸ்ஸுக்குக் கண்டக்டர் ஆள் கூப்பிட்டார். ஒரு ஹாரன் அடித்தது. யாரோ ஒரு குழந்தை பன்னுக்கு அழுதது. டக்ளஸ் சாரின் உதடுகள் இரண்டு தடவை பிரிந்தன. இருபது, முப்பது, ஐம்பது. அவர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. ஒரு நிமிஷமும் ஏழு வினாடியும் ஆனபோது, விரலை எடுக்காமலே, அதை மெல்ல இடது பக்கமாக இழுத்து, பதிவானதை அனுப்பாமல் அழித்தார்.