"நான் ஆந்திராங்க"

அப்பாவுக்கு ஊர் நகரி. ஆந்திராவில் இருந்தாலும் எங்கள் வீட்டில் பேசுவது தமிழ்தான். போன வருடம் பேத்தியைப் பார்க்கப் எல்லை தாண்டிப் பருத்திப்பட்டில் இருக்கும் என் வீட்டுக்கு வந்திருந்தவர், மதியச் சாப்பாடு முடிந்ததும் நெஞ்சு வலிக்கிறது என்றார்.

பக்கத்துத் தனியார் மருத்துவமனையில் முதலுதவி செய்துவிட்டு, அடைப்பு இருக்கிறது, உடனே சரிசெய்ய வேண்டும் என்றார்கள். அப்பாவின் அரசுக் காப்பீட்டு அட்டையைக் காட்டினேன்.

"சார், இது ஆந்திரா கார்டு. இங்க செல்லாது," என்றாள் கவுண்டரில் இருந்த பெண்.

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "யோசிச்சிகினு நிக்காத சார். ஜி.எச்.சுக்குப் போலாம்," என்றார் வாசலில் இருந்த ஆம்புலன்ஸ் டிரைவர்.

அங்கே ஓர் இளம் டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை அப்பாவின் நெஞ்சில் வைத்தார். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, நான் ஆந்திராங்க. அப்புறம் தெரிஞ்சு திட்டாதீங்க," என்றார்.

"இருக்கட்டும்பா. மூச்சை நல்லா இழுத்து விடுங்க," என்றார் டாக்டர்.

அப்பா பிழைத்துவிட்டார். ஒரு மாநிலத்தின் அட்டை அடுத்த மாநிலத்தில் செல்லாததற்கு ஏதாவது நியாயமான காரணம் இருக்கலாம். ஆனால் நெஞ்சு வலியோடு படுத்திருந்த மனிதர், குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோலத் தன் ஊரைச் சொன்னதை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.