மச்சைப் பிரிக்காமல் உத்திரம் மாற்றியது

கம்பத்தில் ஒரு ஏலக்காய் வியாபாரி வீட்டில், மச்சைத் தாங்கி நின்ற நடு உத்திரத்தைக் கரையான் தின்றுவிட்டது. விரலால் குத்தினால் மாவாகக் கொட்டும். நான் அப்போது கொத்து வேலைகளை ஒப்பந்தம் பிடித்துச் செய்துகொண்டிருந்தேன். யுத்த காலம். விளக்குக்கு மண்ணெண்ணெயே கிடைக்காதபோது இரும்பு உத்திரத்துக்கு எங்கே போவது? வியாபாரி மலையிலிருந்து ஒரு தேக்கு மரத்தை வண்டியில் கொண்டுவந்து வாசலில் போட்டிருந்தார். அதை ஏற்ற வேண்டுமென்றால் மச்சைப் பிரிக்க வேண்டும். பிரித்து மறுபடி காரை போட்டால் தைக்குள் காயாது. தையில் அந்த வீட்டில் கல்யாணம்.

பிரிக்காமலே மாற்றலாம் என்று நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். மலையாளத்துக் கரையில் கப்பலையே தரைக்கு ஏற்றுகிற கலாசிகளைப் பற்றிக் குமுளியில் கேள்விப்பட்டிருந்தேன்.

வியாபாரி சத்தம் போடுகிறவர் இல்லை. "கூட்டிட்டு வா. மச்சு எறங்குச்சுன்னா, பெறகு இந்த ஊருல நீ கொத்துக் கரண்டி புடிக்க முடியாது, பாத்துக்க" என்று மெதுவாகத்தான் சொன்னார். மறுநாளே ஆளனுப்பிக் கலாசிகளை வரவழைத்தேன்.

கலாசிகள் வடமும் அது ஓடுகிற கப்பியும் மட்டும்தான் கொண்டுவந்தார்கள். வடத்தில் மீன் நாற்றம். தெருப்பூனைகளெல்லாம் அந்த வண்டியின் பின்னாலேயே வந்தன. அந்தப் பூனைகளில் ஒன்று கடைசியில் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. அது வேறு கதை. அவர்கள் தலைவரை மூப்பன் என்பார்கள். ஒல்லியான ஆள். வந்த அன்றைக்கு வெற்றிலையைக்கூடத் தொடவில்லை. மச்சுக்கு அடியில் மல்லாந்து படுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மச்சுக்கு அடியில் வரிசையாகப் பனை முட்டுக் கொடுத்து, பழைய உத்திரத்தைத் துண்டு துண்டாக அறுத்து எடுத்தார்கள். பொடி மண்கூடக் கொட்டவில்லை. அதற்குள் நம் பள்ளத்தாக்குக் குளிர்காய்ச்சல் அவர்களில் பாதிப் பேரைப் படுக்கப் போட்டுவிட்டது. முட்டுகளை நம்பி மச்சை வெகுநாள் நிறுத்த முடியாது. உள்ளூரில் தேர் வடம் பிடிக்கிற ஆட்களை நான் கூட்டிவந்தேன்.

தேக்கை உள்ளே கொண்டுவந்து கட்டிய வடம், கப்பியில் ஏறி வாசல் வழியாகத் தெருவுக்குப் போனது. இழுக்கிறவனுக்கு உத்திரம் தெரியாது. மூப்பன் உள்ளே நின்று பாடுவார். பாட்டின் கடைசிச் சொல்லுக்கு ஒரு சாண் இழுத்து நிறுத்த வேண்டும். "பலம் வேண்டா, நிறுத்தணும், அது மதி, அது போதும்" என்று திருப்பித் திருப்பிச் சொன்னார். நம் ஆட்கள் சிரித்தார்கள். தேரையே நகர்த்துகிறோம், இது என்ன கட்டை என்றார்கள்.

தேர் நகர்ந்துவிட்டால் நம் ஆள் நடுவில் நிறுத்த மாட்டான். நிறுத்துவது தெய்வக் குற்றம். உத்திரம் தரையை விட்டு எழும்பியது வடத்தில் தெரிந்ததோ இல்லையோ, குலவைச் சத்தம்தான் பாக்கி, ஒரே மூச்சாக இழுத்துக்கொண்டு போனார்கள். மூப்பன் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. மரம் கோணலாக ஏறி முட்டுகளை நோக்கி வந்தது. ஒரு முட்டு சாய்ந்தால் மச்சு மொத்தமும் கீழே. மரத்தின் நுனியைச் சுவர்க் குழிக்குள் வாங்க, சுவரோரம் சாரத்தில் என் மச்சினன் நின்றான். மரத்தின் நுனி அவன் நெஞ்சுக்கு நேராக வந்துவிட்டது.

அவன்தான் தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவன். பயத்தில் வாய்க்கு வந்ததைக் கத்தினான்.

"கட்டை போட்டாச்சுடே!"

வடம் அப்படியே நின்றது. அந்தக் குரலுக்கு மட்டும்தான் அவர்கள் கை நிற்கும்.

மூப்பன் மரத்தைப் பார்த்தார், மச்சினனைப் பார்த்தார். "இனி நீ பாடு" என்றார்.

அப்புறம் மூப்பன் விரலைக் காட்டுவார், இவன் கத்துவான், தெரு நிற்கும். சாண் சாணாக ஏறி, வெயில் சாய்வதற்குள் இரண்டு நுனியும் சுவர்க் குழியில் உட்கார்ந்தன. முட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டி எடுத்தபோது நான் சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு முனகல்கூட இல்லை.

என்னால் கீழே நிற்க முடியவில்லை. ஏணி வைத்து மச்சு மேலே ஏறி, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். கீழேயிருந்து வியாபாரி குரல் வந்தது.

"மேல நடக்குறது யாரு?"

"நாந்தான்ணே."

அவர் காலடிச் சத்தம் உத்திரத்துக்கு நேர் கீழே வந்து நின்றது.

"குதிச்சுப் பாருலே" என்றார்.

குதித்தேன்.