தேய்த்த பலகை, தேய்க்காத பலகை

அறுபதுகளின் கடைசி. ஜெர்மனியின் ஆஹென் நகரில் கெமிக்கல் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த எனக்கு அப்போது ஒரே பைத்தியம், போர்பன் என்கிற அமெரிக்க விஸ்கி. குடிக்கிற பைத்தியம் இல்லை. பச்சைத் தண்ணீர் மாதிரி வடிகிற சரக்கு எப்படித் தேன் நிறமாகிறது என்கிற பைத்தியம்.

கிடைத்ததையெல்லாம் படித்தேன். அமெரிக்காவின் கென்டக்கியில் குடியேறியவர்களிடம் மக்காச்சோளம் கொட்டிக் கிடந்தது. மலை தாண்டி மூட்டை மூட்டையாகச் சுமப்பதைவிடச் சாராயமாக வடித்துப் பீப்பாயில் அனுப்புவது சுலபம். பாதிக்கு மேல் மக்காச்சோளம், உள்பக்கம் தீயில் கருக்கிய புது ஓக் மரப் பீப்பாய்: பின்னால் இதெல்லாம் சட்டமே ஆகிவிட்டது. முதலில் கருக்கியது யார் என்பதற்குத்தான் ஆளுக்கொரு கதை. கோடையில் சாராயம் விரிந்து மரத்துக்குள் போகிறது, குளிரில் சுருங்கி வெளியே வருகிறது. வரும்போது நிறத்தையும் இனிப்பையும் கூட்டிக்கொண்டு வருகிறது.

இதைக் கண்ணாடி ஜாடியில் செய்து காட்டுகிறேன் என்று பேராசிரியரிடம் சொல்லிவிட்டேன். செமஸ்டர் முடிவில் அவர் எங்களில் ஒருவரை நொதித்தல் ஆய்வகத்துக்கு உதவியாளராக எடுப்பார். அந்த ஒருவன் நானாக இருக்கவேண்டும். இல்லையென்றால் பம்பு, குழாய் என்று எதையாவது கட்டிக்கொண்டு அழவேண்டியதுதான்.

மோசெல் ஆற்றுப் பக்கத்துப் பீப்பாய்ப் பட்டறையிலிருந்து ஓக் துண்டுகளை அவரே வரவழைத்துத் தந்தார். ஒவ்வொன்றும் ஒரு சின்னப் புத்தக அளவு. விடுதியின் பின்புறம் தீ மூட்டி, ஒரு முகம் முதலை முதுகுபோல வெடிக்கும்வரை கருக்கினேன். பொதுச் சமையலறைத் தொட்டியில் ஆறப் போட்டுவிட்டு, சாராயம் வாங்க ஆய்வகத்துக்கு சைக்கிளில் பறந்தேன்.

திரும்பி வந்தால், என் அறைத்தோழன் தொட்டி முன்னால் வியர்த்து நிற்கிறான். திருநெல்வேலிக்காரன், மெட்டலர்ஜி மாணவன். கையில் பாத்திரம் தேய்க்கிற கம்பி நார். பாதித் துண்டுகளில் கரி போயே போய்விட்டது.

"என்னலே, இப்படிக் கரிச்சு வச்சிருக்க? ஹவுஸ்மைஸ்டர் பாத்தாம்னா ரெண்டு பேரையும் ரோட்டுல நிப்பாட்டிருவான்."

ஹவுஸ்மைஸ்டர் எங்கள் விடுதிக் கண்காணிப்பாளர். ஜெர்மன்காரர்கள் காலையில் ரொட்டியை வைத்துச் சாப்பிடுவது சின்ன மரப்பலகையில். சமையலறையில் ஒரு அடுக்கே இருக்கும். நான் அதை எரித்துவிட்டேன் என்று நினைத்து, என்னைக் காப்பாற்றத்தான் தேய்த்திருக்கிறான்.

"டேய், அது ரொட்டிப் பலகை இல்லடா! என் விஸ்கி!"

"பலகையில விஸ்கியா? என் கையப் பாருலே. எங்க வீட்டுச் சோத்துப் பானையக்கூட இப்படித் தேச்சதில்ல."

தேய்த்தவற்றுக்குப் பதில் வேறு மரம் வருவதற்குள் செமஸ்டரே முடிந்துவிடும். அவனுக்கும் முகம் செத்துப்போனது. தேய்த்த ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான்.

"இங்க பாரு, கரிக்குக் கீழ செவப்பா ஒரு லேயர் இருக்கு. மேல்பக்கம் மட்டும் ஹார்டன் பண்ணின ஸ்டீல வெட்டுனா இப்படித்தான் லேயர் லேயராத் தெரியும்."

பிடுங்கிப் பார்த்தேன். புத்தகம் ஒற்றை வரியில் தாண்டிப்போன விஷயம்: கரிக்கு அடியில் மரத்தின் சர்க்கரை சூட்டில் உருகிச் சிவந்திருக்கும். கரி ஒரு வேலை செய்கிறது, சிவப்பு இன்னொரு வேலை செய்கிறது. எது எதைச் செய்கிறது என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி, ஒன்றிலிருந்து கரியை எடுத்துவிடுவது. எடுத்தாகிவிட்டதே!

"மீதியைத் தொடாதே" என்று கத்தினேன்.

கருப்புத் துண்டுகள் ஒரு ஜாடியில், தேய்த்தவை இன்னொன்றில். ஆஹெனில் எப்போதும் ஒரே தூறல். கென்டக்கியின் கோடைக்கு எங்கே போவது? பகலில் ஜாடிகள் ஹீட்டர் மேல், இரவில் திறந்த ஜன்னல் விளிம்பில். அவன் கோட்டு, மங்கி கேப்போடு படுத்தான்.

"ஏ மாப்ள, விஸ்கிக்குக் கோடையும் காட்டுத, குளிரும் காட்டுத. எனக்குக் குளிர மட்டும் காட்டுதியே!"

தேய்த்த ஜாடிதான் முதலில் நிறம் பிடித்தது. அப்படியானால் கரியே வேண்டாமோ என்று நினைத்தேன். ஆனால் மூடியைத் திறந்தால் பச்சைச் சாராயத்தின் நெடி மூக்கில் குத்தியது. கருப்பு ஜாடி மெதுவாகத்தான் சிவந்தது. அதில் நெடி அடங்கியிருந்தது. நிறம் தருவது சிவப்பு, நெடியை அடக்குவது கரி. சொட்டுக்கூட நாக்கில் படவிடாத என் நண்பன் முகர்ந்துவிட்டு, "வெல்லப்பாகு வாசமால்லா இருக்கு" என்றான்.

செமினாரில் பேராசிரியர் இரண்டு ஜாடிகளையும் மாறி மாறி முகர்ந்தார். மூன்றாவது முறை கருப்பு ஜாடியிலேயே நின்றுவிட்டார்.

"கரியைச் சுரண்டிப் பார்க்கலாம் என்று உங்களுக்கு எப்படித் தோன்றியது?"

"எனக்குத் தோன்றவில்லை. என் அறைத்தோழன் ரொட்டிப் பலகை என்று நினைத்துத் தேய்த்துவிட்டான்."

வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார். "அடுத்த மாதம் ஆய்வகத்துக்கு வந்துவிடுங்கள். முடிந்தால் அந்த நண்பரையும் ஒருநாள் கூட்டி வாருங்கள்."

ஓடிவந்து சொன்னேன். அவன் போர்வைக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டினான்.

"என்னைய எதுக்குலே? அவரு வீட்டுப் பாத்திரம் கெடக்கா?"

அன்றைக்கு ஜாடிகளை மேசைமேல் வைத்துவிட்டு ஜன்னலைச் சாத்தினேன். ஹீட்டர் முழுக்க அவனுக்கு.