கையைப் பிடித்தது எண்ணுவதற்காக

எங்கள் தேவாலயத்தின் ஆண்டு விழா மலர் சென்ற ஞாயிறன்று கைக்கு வந்தது. பிரித்ததும் அச்சு மையும் பசையும் கலந்த புதுக் காகித வாடை. மூத்த உறுப்பினர்கள் பகுதியில் என் படத்துக்குக் கீழே இருந்த வரியைப் படிக்கும்வரை அந்த வாடை இனிமையாகவே இருந்தது. ‘நோயாளிகளின் கையை அன்போடு பிடித்தபடி நின்ற தாய்.’

நண்பரே, பணிக்காலத்தில் நான் யாருடைய கையையும் அன்போடு பிடித்ததில்லை. பிடித்தேன், மறுக்கவில்லை. ஆனால் எண்ணிக்கொண்டிருந்தேன்.

தன் மூச்சை ஒருவர் எண்ணுகிறார் என்று தெரிந்துவிட்டால் எந்த மனிதரும் இயல்பாக மூச்சு விடமாட்டார். ஆகவே நாடி பார்த்து முடித்த பின்னும் மணிக்கட்டை விடக்கூடாது. இன்னும் நாடிதான் பார்க்கிறோம் என்பதுபோல் நின்று, நெஞ்சின் ஏற்ற இறக்கத்தை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். நர்சிங் கல்லூரியில் எங்களைப் பழக்கியது அப்படித்தான். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்குகிறவர்களும் உண்டு. அவர்களோடு நான் தேநீர் அருந்தியதில்லை.

அந்தக் காகித வாடை என்னைக் கொண்டுபோய் நிறுத்திய இடம், குன்னூருக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தின் சிறிய ஆஸ்பத்திரி. என் முதல் வேலை. பன்னிரண்டு கட்டில்கள். பின்னால் ஃபேக்டரி, வாட்டிய கொழுந்தின் மணம் டெட்டாலையும் மீறிக்கொண்டு வரும். என் உடுப்பின் கஞ்சி விறைப்பைப் பார்த்து எனக்கு ‘இஸ்திரி சிஸ்டர்’ என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அது எனக்குத் தெரியாது என்றும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

சேர்ந்த அன்று கட்டில் கட்டிலாக நோயாளிகளின் குறிப்புத் தாள்களைப் புரட்டினேன். மூச்சுக்குரிய கட்டத்தில் எல்லோருக்கும் இருபது. கைக்குழந்தைக்கும் இருபது, ஆஸ்துமாக்காரருக்கும் இருபது. காலையில் இறந்துபோன ஒருவரின் தாளில் அன்று மாலைக்கும் இருபது எழுதியிருந்தது. டாக்டர் வாரத்துக்கு இரண்டு நாள்தான் ஏறி வருவார். மற்ற நாள்களில் அரசாட்சி தலைமைக் கம்பவுண்டருடையது.

மாரியாயி வந்தது நல்ல ஆனி மழையில். சிலோன் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். அவர்கள் வழக்கப்படி என்னை ‘மிஸ்ஸி’ என்பாள். காய்ச்சல் இல்லை. ‘மேலுக்கு முடியல’ என்பதைத் தவிர வேறு சொல்லவும் தெரியவில்லை. வேலைக்கு டிமிக்கி என்று முடிவுகட்டிவிட்டார் கம்பவுண்டர். நான் நாடி பார்த்தேன். கையை விடாமல், அவள் போர்த்தியிருந்த கம்பளியின் சிவப்புக் கோடு ஏறி இறங்குவதை எண்ணினேன். நாற்பது. என்னையே நம்பாமல் மறுபடியும் எண்ணினேன். நாற்பதேதான்.

தம் அறையில் தாளைப் பார்த்துக் கம்பவுண்டர் சிரித்தார். “ஏனுங்க சிஸ்டர், ஊரே இருபது மூச்சு உடுது. இந்தப் பொம்பளை மட்டும் நாப்பது உடறாளாக்கும்?”

“ஆமாங்க. குன்னூருக்கு அனுப்பணும். ஜீப்புக்குச் சொல்லுங்க.”

“காய்ச்சலே இல்லாதவளுக்கு ஜீப்பா? தொரைகிட்ட யாரு திட்டு வாங்கறது? இருபதுன்னு திருத்திப் போட்டுட்டு வேற வேலையப் பாருங்க.”

“திருத்த மாட்டனுங்க. நீங்களே வந்து எண்ணுங்க. இருபது வந்தா இன்னைக்கே வேலையை விட்டுட்டு ஊருக்குப் போறேன்.”

சொல்லிவிட்டேனே தவிர, வேலையை விட்டுவிட்டுப் போக எனக்கு வசதியான ஊர் எதுவும் இருக்கவில்லை. நான் மீண்டும் மாரியாயியின் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டேன். கண்ணை மூடிக் கிடந்தாள். கம்பவுண்டர் கால்மாட்டில் நின்று சுவர்க் கடிகாரத்தையும் சிவப்புக் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தார்; உதடு மட்டும் அசைந்தது. பிறகு வெற்றியோடு என் காதருகே குனிந்தார்.

“இருபது வந்திருச்சுங்களே!”

“இன்னும் அரை நிமிஷம் பாக்கி இருக்குங்க.”

அவர் மீதியை எண்ணவில்லை. நேரே போய் ஜீப்புக்குச் சொன்னார். குன்னூரில் அவள் நெஞ்சில் நீர் கட்டியிருப்பதைக் கண்டு, அதை உறிஞ்சி எடுத்தார்கள். ஒரு மாதத்தில் கொழுந்துக்கூடையோடு திரும்பிவிட்டாள். அவள் திரும்புவதற்குள் என்னை வேறு தோட்டத்துக்கு மாற்றியிருந்தார்கள். நான் வருந்தவில்லை.

மலர்க் குழுவினர் என் பணியைப் பற்றிச் சொல்ல ஆள் கேட்டபோது மாரியாயியின் பெயரைக் கொடுத்ததும் நானேதான். எதற்காக ஜீப்பில் ஏற்றினோம் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கும், நாற்பதுக்குச் சாட்சி சொல்வாள் என்று கணக்குப் போட்டேன். அவள் சொன்னதோ அந்த ‘அன்போடு’.

செவ்வாயன்று பஸ் ஏறி, அவள் மகளோடு இருக்கும் பிக்கட்டிக்கே போய்விட்டேன்.

“ஏம்மா, அவங்ககிட்ட என்ன சொன்னே?”

“உள்ளதத்தான் சொன்னேன் மிஸ்ஸி. சாகக் கெடந்தப்ப என் கையப் புடிச்சீங்க. விடவே இல்லியே.”

“நான் உன் மூச்சை எண்ணிக்கிட்டு நின்னேன். நாற்பது.”

பல்லில்லாத வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “போங்க மிஸ்ஸி! எண்ணுனா எனக்குத் தெரியாமலா இருக்கும்?”

திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வியோடு வந்தேன். அந்த ஆஸ்பத்திரி இன்று உர மூட்டைக் கிடங்கு. தாள்கள் ஃபேக்டரி அடுப்புக்குப் போய்விட்டன. கம்பவுண்டர் காலமாகிவிட்டார். நாடி எண்ண மார்பில் நான் குத்தியிருந்த தலைகீழ்க் கடிகாரம் நின்று வெகுகாலம். சென்ற ஆண்டு நானே ஊட்டியில் ஓர் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்தேன். விரலில் ஒரு கிளிப்பை மாட்டிவிட்டு, கதவருகிலிருந்தே மூச்சு பதினெட்டு என்று எழுதிக்கொண்டு போனார்கள். அப்போது என் மூச்சை நானே எண்ணிய கணக்கு இருபத்தாறு. என் மணிக்கட்டை யாரும் தொடவில்லை.

ஆகவே நான் எண்ணியதற்கு இன்று தாளும் இல்லை, ஆளும் இல்லை. ஆனால் அவளுக்குத் தெரியவில்லையே! நாற்பது மூச்சில் ஒன்றுகூடத் தெரியாமல் எண்ணியிருக்கிறேன் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

மலர்க் குழுவுக்குக் கடிதம் அனுப்பிவிட்டேன். ‘அன்போடு’ என்ற சொல்லை நீக்கி, ‘ஒரு முழு நிமிடம்’ என்று திருத்தவும்.