கண்ணாடிப் பெட்டியும் ஆட்டு வாலும்

ஒதுக்கீட்டு ஆணையின் பதினோராவது நிபந்தனை இப்படிச் சொல்கிறது: ‘நிபந்தனை மீறல் காணப்படின், விற்பனையாளருக்கு எழுத்து மூலம் அறிவிப்பு வழங்கி, பதினைந்து நாள் அவகாசம் அளித்து, அவரது விளக்கத்தைப் பெற்றுப் பரிசீலித்த பின்னரே கடை ஒதுக்கீட்டின் மீது நடவடிக்கை எடுக்கப்படும்.’ நல்ல வாக்கியம். ஒரு மனிதனைச் சந்தையிலிருந்து வெளியேற்றக் குறைந்தது ஒரு மாதமாவது பிடிக்கும் என்று அதைப் படிக்கிறவனுக்குத் தோன்றும். என் மச்சானுக்கு நான்கு நிமிடத்தில் முடிந்தது. அந்த நான்கில் மூன்று நிமிடம் பேசியவன் நான்.

கடலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். விதிகளை அடுத்தவர் மீது பிரயோகித்தே குடும்பம் நடத்தினேன். ஓய்வுக்குப் பின் சிதம்பரத்தில் வீடு. மச்சான் என் மனைவியின் தம்பி. கீரப்பாளையத்துக்குப் பக்கத்தில் வெள்ளாடு வளர்க்கிறான். கொஞ்சம் நெல்லும் உண்டு. ஆனால் நெல்லுக்கு வாய்க்காலில் தண்ணீர் வர வேண்டும்.

ஆட்டை வாங்க ஒரே ஒரு வியாபாரி பட்டிக்கு வருவான். முதுகை அமுக்கிப் பார்ப்பான், உதட்டைப் பிதுக்குவான், ஒரு விலை சொல்லுவான். அந்த உதட்டுக்கு மச்சானிடம் பதில் கிடையாது. அதனால்தான் அவனுக்குத் தானே அறுத்து விற்க வேண்டும் என்று ஆசை வந்தது. விவசாயிகள் தங்கள் விளைச்சலைத் தாங்களே விற்கும் ஞாயிற்றுச் சந்தை ஒன்று சிதம்பரத்தில் நடக்கிறது. கத்தரிக்காய், கீரை, பாம்பு போல வளைந்த புடலங்காய் எல்லாம் தாண்டிப் பின்வாசல் ஓரம் இறைச்சிக்கென்று ஒரு கடை. விண்ணப்பத்தை நான் எழுதினேன், கிடைத்தது. படம் ஒட்டிய விவசாயி அட்டையும் கிடைத்தது. அந்த அட்டை இல்லாமல் சந்தைக்குள் தராசை வைக்க முடியாது. மச்சான் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கல்யாணத்துக்குக்கூடப் போனான். வியாபாரியிடம், “இனிமே வராத” என்று சொல்லி அனுப்பினான். ஆடி மாதத்துக்கென்று நல்ல கிடாக்களாகப் பார்த்து ஒதுக்கியும் வைத்தான். எங்கள் பக்கத்தில் ஆடி ஞாயிறுகளில் கறி எடுக்காத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஏழாவது நிபந்தனை, இறைச்சியைக் கண்ணாடி மூடிய பெட்டிக்குள் வைத்தே காட்சிப்படுத்த வேண்டும், வெளியே தொங்கவிடக் கூடாது என்றது. நான் அதை அப்படியே நிறைவேற்றினேன். பெட்டி செய்யச் சொன்னேன். உள்ளே எவர்சில்வர் தட்டுகள். ஒவ்வொரு தட்டுக்கும் என் கையெழுத்தில் சீட்டு: முன்தொடை, பின்தொடை, நெஞ்செலும்பு, ஈரல். கால்நடை மருத்துவர் குத்திய ஊதா முத்திரை வாடிக்கையாளரைப் பார்க்கும்படி தொடையைத் திருப்பி வைத்தேன். சான்றிதழின் நகலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பெட்டி மேல் ஒட்டினேன். கடலூரில் எந்த ஆய்வு அதிகாரி வந்திருந்தாலும் பாராட்டியிருப்பார். வந்தவள் ஒரு வாடிக்கைக்காரி.

“என்னா கறி இது?”

“வெள்ளாட்டுக் கறி அம்மா. இன்னைக்கு அறுத்தது. சான்றிதழ் இருக்கு.”

“வால் எங்க?”

“வாலை எடுத்தாச்சு. சுகாதாரத்துக்காக…”

“வால எடுத்துட்டா வெள்ளாடா செம்மறியான்னு ஒங்க மூஞ்சியப் பாத்தா தெரிஞ்சிக்கிறது?”

முத்திரையைக் காட்டினேன். “டாக்டரா எங்க வூட்டுல வந்து சாப்புடப் போறாரு?” என்று சொல்லிவிட்டுக் கீரைக் கடைக்குப் போய்விட்டாள்.

எனக்குத் தெரியாத விஷயமில்லை, மறந்துபோயிருந்தேன். எங்கள் ஊரில் உரித்த ஆட்டைத் தலைகீழாகத் தொங்கவிடும்போது வாலை மட்டும் உரிக்காமல் நுனி ரோமத்தோடு விட்டுவைப்பார்கள். குட்டையாக மேலே தூக்கி நின்றால் வெள்ளாடு, தொங்கினால் செம்மறி. அதற்குக் கீழே கிடா என்பதற்கான அத்தாட்சியையும் விட்டுவைப்பார்கள். அரசாங்கம் எத்தனை முத்திரை குத்தினாலும் சனங்கள் நம்புவது இந்த இரண்டு சான்றிதழ்களைத்தான். அன்று கண்ணாடிக்குள் குனிந்து பார்த்தவர்கள் பலர். வாங்கியவர்கள் இரண்டு பேர், இருவரும் வெளியூர்.

மச்சான் மத்தியானம் தட்டுகளைக் கழுவிக்கொண்டே சொன்னான்: “மாமா, ஒங்க பொட்டி சவப்பொட்டி மாரி இருக்கு. ஆளுங்க வந்து எட்டிப் பாத்து, துக்கம் விசாரிச்சிட்டுப் போறாங்க.”

அடுத்த ஞாயிறு நான் போவதற்குள் அவன் கடையைத் தன் இஷ்டத்துக்கு மாற்றியிருந்தான். பெட்டி பின்னால் போயிருந்தது. அதன் மேல் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. முன்னால் கொக்கியில் பின்பாதி ஆடு, வால் வானத்தைப் பார்க்க. கீழே பலகையில் வாழை இலை போட்டு வரிசையாகக் கூறுகள். ஒவ்வொரு கூறிலும் தொடை கொஞ்சம், நெஞ்செலும்பு கொஞ்சம், ஒரு துண்டுக் கொழுப்பு, விரல் நீளத்துக்கு ஈரல். யாருக்கும் ஜாஸ்தி இல்லை, யாருக்கும் குறைவு இல்லை. எந்தக் கூறு வேண்டும் என்று கையால் காட்டினால் போதும். போன வாரம் முகம் சுளித்த அந்த அம்மாள் முதல் ஆளாக நின்றாள். வாலை ஒருமுறை பார்த்தாள், ஒரு கூறைக் காட்டினாள், போய்விட்டாள். ஒன்பது மணிக்குள் பலகை காலி. நான் நிழற்குடையின் கீழ் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தேன். முப்பது வருட அனுபவத்தில் பார்க்காமல் இருக்கவும் கற்றிருந்தேன்.

அந்த அளவோடு நின்றிருந்தால் இன்றைக்கும் கடை இருந்திருக்கும்.

கடலூர் அலுவலகத்தில் என் எதிர்மேசையில் இருபது வருடம் உட்கார்ந்திருந்த ஒருவர் இப்போது எனக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறார். எனக்கு ஆறு மாதம் முன்பாகப் பதவி உயர்வு வாங்கியவர். அது எப்படி என்று இருவருக்கும் தெரியும். காலை நடையில் தினமும் எதிர்ப்படுவோம். ரத்தத்தில் சத்து குறைந்துவிட்டது, டாக்டர் ஈரல் சாப்பிடச் சொல்லியிருக்கிறார், மச்சானிடம் சொல்லி ஈரல் முழுவதையும் தனக்கு எடுத்து வைக்க வேண்டும் என்றார். பார்க்கலாம் என்றேன். மூன்றாவது ஞாயிறு, கையில் கறுப்புப் பிளாஸ்டிக் பையோடு வரிசையைத் தாண்டி வந்து நின்றார்.

“சார், நம்ம ஈரல்?”

மச்சான் என்னைப் பார்த்தான். தலையாட்டினால் கொடுத்திருப்பான், நாலு கூறிலிருந்து எடுத்தாவது கொடுத்திருப்பான். நான் எழுந்து நின்று, வரிசையின் கடைசி ஆளுக்கும் கேட்கும்படி சொன்னேன்: “கூறு போட்டாச்சு சார். ஈரல் கூறுக்குக் கூறுதான் போகும். தனியா கிடையாது. நீங்க வரிசையில வாங்க.”

வரிசையில் யாரோ, “சாரு இன்னும் ஆபீஸ்லயே இருக்கறதா நெனச்சிக்கிட்டாரு போல” என்றான். சிரிப்பு கீரைக் கடை வரைக்கும் போனது. அவர் கறுப்புப் பையை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். இருபது வருடம் காத்திருந்து அனுபவித்த சுகம் அது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அடுத்த ஞாயிறு சந்தை மேற்பார்வையாளர் வந்தார். சின்ன வயது, மரியாதையான ஆள்.

“சார், புகார் வந்திருக்கு. வால் தெரியற மாரி வெளிய தொங்குது, காய் வாங்க வர்றவங்க மனசு புண்படுதுன்னு.”

மச்சான் ஆட்டைக் கொக்கியிலிருந்து கழற்றி உள்ளே வைத்துவிட்டான். “எடுத்துட்டேன் சார். இனிமே பொட்டிக்குள்ளயே வச்சிக்கிறேன். வாலு மட்டும் கண்ணாடி வழியா தெரியற மாரி வச்சிக்கிறேன்.”

“அதப் பண்ணுங்க. ரெண்டு வாரம் சத்தமில்லாம ஓட்டுங்க. அப்பறம் யாரு கேக்கப் போறா” என்றார் மேற்பார்வையாளர். வண்டிச் சாவியைக் கையில் எடுத்துவிட்டார்.

விஷயம் அதோடு முடிந்துவிட்டது. நான் வாயைத் திறந்தேன்.

“புகாரோட நகல் எங்கே?”

“சார், அதெல்லாம் எதுக்கு…”

“எழுத்து மூலம் அறிவிப்பு கொடுக்கணும். பதினோராவது நிபந்தனை. படிச்சிருக்கீங்களா?”

“வாயால சொல்றது ஒங்க நல்லதுக்குத்தான் சார். எழுதிட்டா அது பைலாயிடும்.”

“பைலாகட்டும். வாய்மொழி உத்தரவுக்கு எந்த விதியிலயும் இடம் கிடையாது. பேர், பதவி, தேதி போட்டுக் கையெழுத்தோட கொடுங்க.”

“மாமா, விடுங்க மாமா” என்றான் மச்சான். கையில் கத்தி இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு என் முழங்கையைப் பிடித்தான். “சாருதான் சொல்லிட்டாரு இல்ல.”

“நீ சும்மா இரு மச்சான். ஒனக்கு இதெல்லாம் தெரியாது.”

கறிக்கு நின்றவர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேற்பார்வையாளரின் முகத்தில் இருந்த மரியாதை மெல்ல இறங்குவதை நான் பார்த்தேன். ஒரு காலித் தக்காளிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். எழுதினார். ஏழாவது நிபந்தனை மீறப்பட்டது நேரில் கண்டறியப்பட்டது. மேலதிகாரியின் முடிவு வரும்வரை விவசாயி அட்டை நிறுத்தி வைக்கப்படுகிறது. ‘ரத்து’ என்று எழுதவில்லை. ரத்து என்றால்தான் பதினோராவது நிபந்தனை. நிறுத்தி வைப்பதற்கு அறிவிப்பு, அவகாசம் எதுவும் தேவையில்லை. அந்த இடத்தில் நான் இருந்திருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். எழுதியும் இருக்கிறேன், பலருக்கு.

கையை நீட்டினார். மச்சான் கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றிக் கொடுத்தான்.

“இந்தாங்க சார், எழுத்துல” என்று தாளை என்னிடம் கொடுத்துவிட்டு அவர் போனார். மீதிக் கூறுகளை விற்கக்கூட முடியவில்லை. அட்டை இல்லாதவன் தராசைத் தொடக் கூடாது. அதையும் அங்கே சத்தமாகச் சொன்னவன் நான்தான்.

பிறகு என் திறமை முழுவதையும் காட்டினேன். மேல்முறையீட்டு மனு ஏழு பத்திகள், ஒவ்வொன்றுக்கும் எண். புகாரின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கினேன். கீழே பெயர் இல்லை, ‘பொதுமக்கள்’ என்று இருந்தது. ஆனால் முக்கியமான சொற்களின் கீழ் அளவுகோல் வைத்துச் சிவப்பு மையில் இரட்டைக் கோடு. இருபது வருடம் எதிர்மேசையில் பார்த்த கோடு.

மனு என் பழைய அலுவலகத்துக்குத்தான் போயிருந்தது; கடலூருக்குப் பஸ் ஏறினேன். நான் எழுத்தராக உட்கார்ந்திருந்த நாற்காலியில் ஒரு பெண் எழுத்தர்.

“பரிசீலனையில இருக்குங்க சார்.”

“எந்த நிலையில?”

“சிதம்பரத்துக்கு அறிக்கை கேட்டுப் போயிருக்கு.”

சிதம்பரத்தில் கேட்டால் அறிக்கையைக் கடலூருக்கு அனுப்பிவிட்டோம் என்றார்கள். இரண்டும் உண்மையாக இருக்க முடியும் என்று எனக்குத் தெரியும்; அந்த வித்தையை அந்த அலுவலகத்தில் வளர்த்தவர்களில் நானும் ஒருவன். நினைவூட்டு அனுப்பினேன். நினைவூட்டுக்கு நினைவூட்டு அனுப்பினேன்.

காலை நடையில் எதிர்மேசைக்காரர் நின்று விசாரித்தார். “என்ன சார், மச்சான் கடையக் காணோம்? நல்ல கறி.”

“நடவடிக்கையில இருக்கு” என்றேன்.

“ஆவும் ஆவும். முறைப்படி போறீங்க இல்ல?” என்றார். ரத்தத்தில் சத்து நன்றாகவே ஏறியிருந்தது.

ஆடி பிறந்தது. மூன்றாவது நினைவூட்டில் மச்சானின் கையெழுத்து வேண்டியிருந்தது; கீரப்பாளையம் போனேன். பட்டியில் அந்த வியாபாரி நின்றுகொண்டிருந்தான். ஒவ்வொரு கிடாவாக முதுகை அமுக்கினான். ஒவ்வொன்றுக்கும் உதட்டைப் பிதுக்கினான். என்னைப் பார்த்ததும் குரல் உயர்ந்தது.

“ஒங்க மாமா எழுதிக்கிட்டே இருக்காராமே. நல்லா எழுதட்டும். அதுவரைக்கும் ஆடு தீனி திங்காம நிக்குமா?”

மச்சான் அவன் சொன்ன விலைக்குச் சரி என்றான். கிடாக்களை ஒவ்வொன்றாக வண்டியில் ஏற்றி முடித்துவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தான். மனுவைப் படிக்கவில்லை.

“எங்க போடணும்?” என்றான்.

காட்டினேன். போட்டான். அதற்குப் பிறகு இன்றுவரை அவன் என்னிடம் பேசியதில்லை. அக்காவிடம் போனில் பேசுகிறான். நான் பக்கத்தில் இருப்பது தெரிந்தால் வைத்துவிடுகிறான்.

பதில் வந்தது, மனுவில் நான் கொடுத்திருந்த என் வீட்டு முகவரிக்கே. ரிஜிஸ்டர் தபால், ஒப்புகை அட்டையுடன். மனு ஏற்கப்பட்டது. ஏழாவது நிபந்தனையில் வால் குறித்து எதுவும் கூறப்படவில்லை என்பதால், கண்ணாடிப் பெட்டிக்குள் வாலுடன் வைத்து விற்கத் தடையில்லை. மச்சான் அன்று மேற்பார்வையாளரிடம் சொன்ன அதே யோசனை, இப்போது ந.க. எண் போட்ட அரசுக் கடிதமாக. அட்டையை நேரில் வந்து பெற்றுக்கொள்ளலாம். கடிதம் கிடைத்த நாளிலிருந்து முப்பது நாட்களுக்குள் விற்பனையைத் தொடங்கித் தொடர்ந்து நடத்தாவிடில் ஒதுக்கீடு தானாகவே ரத்தாகும். அதற்குத் தனியாக அறிவிப்பு வழங்கப்பட மாட்டாது.

சமையலறையில் என் மனைவி கறிச் சட்டியைத் தேய்த்துக் கழுவி, கவிழ்த்துப் பரண்மேல் வைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் தெருவில் இந்த மாதம் முடியும்வரை எந்த வீட்டிலும் அது கீழே இறங்காது. “ஏங்க, என்னா தபால்?” என்றாள். படித்துக் காட்டினேன். சட்டியிலிருந்து கையை எடுக்காமல் சுவரிலிருந்த காலண்டரைத் திரும்பிப் பார்த்தாள்.

“இன்னிக்கா?” என்றாள்.

தபால்காரர் ஒப்புகை அட்டைக்காக இன்னும் வாசலில் நின்றார். ஒப்புகை அட்டையில், பெற்ற நாள் என்ற இடத்தில், என் வழக்கப்படி தெளிவாக எழுதிக் கையெழுத்திட்டேன்: புரட்டாசி, முதல் சனிக்கிழமை, முற்பகல்.