காய்ச்சல் என்று எழுத மறுத்த எஸ்தரம்மா

சென்ற வாரம் ஒரு காலையில் வள்ளூரிலிருந்து தேவி போனில் அழைத்தார். "சார், நர்ஸம்மா பூட்டாங்க. தூக்கத்துலயே" என்றார்.

கும்மிடிப்பூண்டிப் பகுதியில் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வுபெற்ற எஸ்தரம்மாவை அங்கே எல்லோரும் அறிவார்கள். தெருவில் அவரைக் கண்டால் குழந்தைகள் ஓடி ஒளியும். "ஓடு ராஜா, ஓடு. சாயங்காலம் உங்க ஊட்டுக்குத்தான் வரேன்" என்பார். சொன்னபடியே போவார், தடுப்பூசிக்குப் பின் குழந்தை எப்படி இருக்கிறது என்று பார்க்க. ஆலைத் தொழிலாளர் குடும்பங்கள் அடிக்கடி வீடு மாற்றும் என்பதால், முகவரியோடு சொந்த ஊரில் போன் எடுக்கக்கூடிய ஒருவரின் எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்வார்.

பல ஆண்டுகளுக்கு முன், புதுவாயலில் ஊசி போட்ட அன்று மாலையே தேவியின் கைக்குழந்தைக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தது. மருத்துவமனையில் குழந்தை தேறியது. பத்திரிகைக்குச் செய்தி சேகரிக்க நான் அங்கே போயிருந்தபோதுதான், குழந்தையைப் பார்க்க வந்திருந்த எஸ்தரம்மாவை அவருடைய மேலதிகாரி போனில் அழைத்தார். அறிக்கையில் காய்ச்சல் என்று மட்டும் எழுதச் சொன்னார்.

"வலிப்புன்னு எழுதிட்டேன் சார். நேரம், மருந்தோட பேட்ச் நம்பர் எல்லாம் போட்டுக்கீறேன். அழிக்கணும்னா எழுத்துல குடுங்க."

எதிர்முனையில் போன் வைக்கப்பட்டது. ஊசியால்தான் வலிப்பா என்று கேட்டேன். "தெரியாது. டாக்டருங்க பாத்துச் சொல்லணும். தெரியாதுன்னு போட உங்க பேப்பர்ல எடம் கீதா?"

இல்லை என்பது போலத்தான் நடந்துகொண்டேன். மறுநாள் வந்த என் செய்தியில் பொய் எதுவும் இல்லை. அவர் சொன்ன 'தெரியாது' மட்டும் விடுபட்டிருந்தது. அடுத்த ஊசி நாளில் இரண்டே தாய்மார்கள் வந்தார்கள். பத்திரிகைக்காரனோடு பேசியதற்காக அவருக்கு மெமோவும் வந்தது.

என்னைக் கூப்பிட்டனுப்பினார். "இன்னா சார், பாதிய எழுதிட்டு மீதிய யாருக்கு வெச்சிக்கினு கீறீங்க? வாங்க, ஊடு ஊடா வந்து சொல்லுங்க."

போனேன். காய்ச்சலால் வந்த வலிப்பு அது, பெரும்பாலும் பாதிப்பு எதையும் விட்டுச்செல்லாது என்று அதற்குள் மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள். அந்தக் காய்ச்சல் ஊசியால் வந்திருக்கலாம் என்பதையும் எஸ்தரம்மா மறைக்கவில்லை.

"அப்ப ஊசியாலதான்னு நீயே ஒத்துக்கினியே" என்றார் ஒருவர்.

"ஒத்துக்கினேன். ஊசி போடாம கக்குவான் இருமல் வந்தா கொழந்த இன்னா பாடுபடும்னும் சொன்னேனே, அது காதுல வுழலியா?"

தேவியின் குடும்பம் வள்ளூருக்குக் குடிபெயர்ந்தது. விடுமுறை நாட்களில் பஸ் ஏறி எஸ்தரம்மா அங்கேயும் போனார். நடை, பேச்சு, பிறகு பள்ளிக்கூடம் என்று ஆண்டுக்கணக்கில் பார்த்தார். குழந்தை நன்றாகத்தானே இருக்கிறாள், இன்னும் எதற்கு என்றேன். "நல்லா கீறதையும் பாத்துத்தான் எழுதணும். பாக்காமலே நல்லா கீதுன்னா, அது பொய்யி" என்றார்.

இரண்டாவது குழந்தைக்கு ஊசி வேண்டாம் என்றார் தேவியின் கணவர். தேவியே எஸ்தரம்மாவிடம் தூக்கிக்கொண்டு வந்தார். "மொதல் புள்ளைக்கு நடந்தத மறைக்காதவங்க, இதுக்கு மறைப்பாங்களா?" என்றார்.

எஸ்தரம்மாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு கேள்வி. பக்கவிளைவே இல்லை என்று சொல்லும் அதிகாரியிடம், எத்தனை வீட்டுக்குப் போய்ப் பார்த்தீர்கள் என்று கேட்கிறேன். எல்லாமே ஊசியால்தான் என்று மேடையில் முழங்குபவரிடமும் அதையே கேட்கிறேன். இருவருக்கும் என்மேல் கோபம். இருக்கட்டும்.